எந்தப் படகு வேண்டும்?

பூரணி அக்காவின் அலுவலகம் எங்கே என்று யாராவது கேட்டால், நிருஜா குசினிக்குப் பக்கத்தில் இருக்கும் மேசையைக் காட்டுவாள். ஒரு மடிக்கணினி, ஒரு கதிரை, கதிரையில் ஒரு தலையணை. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதிரையில் இருந்துகொண்டே அக்கா மட்டக்களப்பில் ஒரு டியூஷன் நிலையத்துக்கும் கொழும்பில் ஒரு கேக் கடைக்கும் ஆப் செய்து கொடுத்திருந்தாள்.

"கொம்பனி இல்லை, மனேஜர் இல்லை. கேட்டு வாறவைக்கு வேலை செய்து குடுக்கிறன். இதுக்குப் பேர் பிரீலான்ஸ்," என்று அக்கா அம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள்.

அம்மா அதைச் சுருக்கி, "பிள்ளை வீட்டில இருந்து கம்பியூட்டர் செய்யுது," என்று உப்புவெளி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அக்கா வேலை செய்வதைப் பார்க்க நிருஜாவுக்குப் பிடிக்கும். அக்கா வரிவரியாகக் கோட் எழுதுவது குறைவு. திரையின் ஓரத்தில் பெட்டிகள் இருக்கும். பெயர் கேட்க ஒரு பெட்டி, திகதி கேட்க ஒரு பெட்டி, படம் காட்ட ஒரு பெட்டி. வேண்டியதை இழுத்து வந்து வைத்து, எதை அமத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஆப் தயார். லோ-கோட் என்று அக்கா சொல்லுவாள்.

"இது எனக்கும் ஏலும்," என்றாள் பதினொரு வயது நிருஜா. சொன்னது மட்டுமில்லை, பழகியும் விட்டாள்.

அதனால் உப்புவெளிப் படகுச் சங்கத் தலைவர் சோமசேகரம் ஐயா வீட்டுக்கு வந்தபோது, நிருஜா கேட்காமலே அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"டொல்பின் பார்க்க வாற ஆக்கள் போனிலேயே போட்டைப் பதிவு செய்யவேணும். செய்ய ஏலுமோ பிள்ளை?" என்று கேட்டார் ஐயா.

"ஓம் ஐயா. கேக் கடைக்குச் செய்த ஆப்பைக் கொஞ்சம் மாத்தினால் காணும்," என்றாள் அக்கா.

"படம் எடுக்கிறது என்ர வேலை," என்றாள் நிருஜா.

அக்காவுக்கு இது சொந்த ஊரில் கிடைத்த முதல் வேலை. இது சரிவந்தால் பக்கத்து ஊரான நிலாவெளியின் படகுச் சங்கமும் அவளிடம் வருவதாக இருந்தது. அன்றிரவு அவள் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நிருஜா அக்காவின் போனோடு கடற்கரைக்குப் போனாள். முதலில் அப்பாவின் நீலப் படகு, 'அலைமகள்'. அப்பா யோகலிங்கம் அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். இளவெயில் பட்டு அது புதுப் படகு மாதிரி மினுங்கியது. பிறகு ஒவ்வொரு படகாக எடுத்துக்கொண்டே போனாள். கடைசிப் படகுக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது, பசி வயிற்றைக் கிள்ளியது. அது அவளுடைய கூட்டாளி ஸஹ்ராவின் வாப்பா ஜமால்தீனின் 'நூர்'. வலைக்குவியலோடு கிடந்த நூரை ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நிருஜா வீட்டுக்கு ஓடினாள். படகின் முனையில் ஒரு காகம் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆப் வடிவாக வந்தது. எந்த நாள், எத்தனை பேர் என்று கேட்டது. பிறகு, 'எந்தப் படகு வேண்டும்?' என்று கேட்டுப் படங்களைக் காட்டியது.

பதிவுகள் வரத் தொடங்கின. எல்லாமே அலைமகளுக்கு. அந்தக் கிழமை முழுக்க அப்பாவுக்குக் கரையில் நிற்க நேரமில்லை. நிருஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் படம்தான் இத்தனைக்கும் காரணம் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பாடசாலை பஸ்ஸில் ஸஹ்ரா அவளுக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. தள்ளிப் போய் வேறு யாரோடோ இருந்தாள்.

"என்ன, கோவமா?" என்று நிருஜா இறங்கும்போது கேட்டாள்.

"கோவம் இல்ல. எங்கட வாப்பா ஒரு கிழமையா கரையில குந்தி கடலப் பாத்துக்கிட்டு இருக்கார். எங்கட போட்ட ஒருத்தரும் கேக்கல்ல." ஸஹ்ரா மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் படத்தப் பாத்தா காகம்தான் போட் ஓட்டுற மாதிரி இருக்கு."

நிருஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஸஹ்ராவின் கண் கலங்கியிருந்ததைக் கண்டதும் சிரிப்புப் போய்விட்டது.

பின்னேரம் சோமசேகரம் ஐயாவும் வந்தார். முகம் சரியில்லை.

"பிள்ளை, உங்கட ஆப்பால கரையில சண்டை வரப்போகுது. வாற ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு கூட்டம். அதுக்கிடையில சரிவராட்டி ஆப் வேண்டாம் எண்டு ஆக்கள் சொல்லுகினம்."

"எல்லாம் சரியாத்தானே ஐயா வேலை செய்யுது," என்றாள் அக்கா. அவர் போன பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இப்படிச் சோர்ந்து இருந்ததை நிருஜா முன்பு கண்டதில்லை.

படத்தால் வந்த வினை படத்தால் தீரும் என்று நிருஜா நினைத்தாள். அடுத்த நாள் விடியவே போய், ஜமால்தீன் மாமாவோடு சேர்ந்து நூரைக் கழுவினாள். காகத்தைத் துரத்தினாள். இளவெயில் வரும்வரை காத்திருந்து புதுப் படம் எடுத்து, ஆப்பில் தானே மாற்றினாள்.

இப்போது பதிவுகள் எல்லாம் நூருக்கு வந்தன. பஸ்ஸில் ஸஹ்ரா இடம் பிடித்து வைத்தாள். ஆனால் அப்பாவும் மற்றவர்களும் கரையில் குந்திக் கடலைப் பார்த்தார்கள்.

அதோடு விட்டதா? பின்னேரம் வீட்டு வாசலில் படகுக்காரர் கூட்டம். "எங்கட போட்டையும் அப்பிடி ஒருக்கா எடு, மகள்," என்றார்கள். ஒருவர் படகுக்குப் போட மாலையோடு வந்திருந்தார். இதுவரை ஒரு பதிவும் கிடைக்காத றிஸ்கான் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார்.

"மாமா, படம் போட்டுக்குத்தான், உங்களுக்கு இல்லை," என்றாள் நிருஜா.

எல்லாப் படகையும் வடிவாக எடுத்தாலும், அதில் ஒன்று கூடுதல் வடிவாகத்தான் இருக்கும். அது நிருஜாவுக்கு இப்போது விளங்கியது.

கூட்டத்துக்கு முதல் நாள் அவளும் ஸஹ்ராவும் கரையில் நின்றார்கள். இரண்டு வெள்ளைக்காரர் நடந்து வந்து, நூரைக் காட்டி டொல்பின் பார்க்கப் போகலாமா என்று கேட்டார்கள். அந்த நேரம் பதிவு ஒன்றும் இல்லாமல் ஜமால்தீன் மாமா சும்மாதான் இருந்தார். இருந்தும் தலையை ஆட்டிவிட்டு, தூரத்தில் நின்ற றிஸ்கானின் படகைக் காட்டினார்.

"ஏன் மாமா விட்டனீங்கள்?" என்று கேட்டாள் நிருஜா.

"அது அவர்ர முறை, மகள். நான் நேத்துப் போனனான். வரிசையில முன்னுக்கு நிக்கிற போட்தானே போகவேணும். போய் வந்தா கடைசியில இழுத்து வைக்கிறதுதானே எங்கட வழக்கம்."

நிருஜாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்தான். அக்காவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே அதை ஆப்புக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் ஸஹ்ராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, போட் கேக் இல்லை."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக் கடையில எந்தக் கேக் வேணும் எண்டு கேக்கலாம். கரையில ஆராவது எந்த போட் வேணும் எண்டு கேக்கிறதா? எத்தனை பேர், எப்ப வாறீங்கள், அதுதானே கேக்கிறது. முறை ஆருக்கோ அவர் போவார். எங்கட ஆப்தான் வரிசையைக் குழப்பினது."

"வாடிக்கையாளருக்குத் தெரிவு இருக்கவேணும், நிரு."

"அவங்களுக்கு வேண்டியது டொல்பின்," என்றாள் ஸஹ்ரா.

அக்கா திரையில் இருந்த படகுப் படங்களைப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். "போட்காரரின்ர மகள் நான். கேக்கை எடுத்துப்போட்டு அதே இடத்தில போட்டை வைச்சிருக்கிறன்." கதிரையைவிட்டு எழும்பினாள். "இதில இரு. அந்தப் பெட்டியை நீயே எடு."

நிருஜா 'எந்தப் படகு வேண்டும்?' என்ற பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். அலைமகளின் படமும் அதோடு போனது. ஒரு கணம் கை தயங்கத்தான் செய்தது. பிறகு வரிசைக்கான பெட்டியை வைத்தாள். பயணம் முடிந்த படகு தானாகக் கடைசிக்குப் போக அக்கா வழி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிருஜாதான் எழும்பி நின்று விளங்கப்படுத்தினாள்.

"எஞ்சின் பழுதெண்டா என்ர முறை போயிடுமோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இப்ப கரையில என்ன செய்யிறனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டாள் நிருஜா.

"அடுத்தவர் போவார். எஞ்சின் சரிவந்தோடன என்ர முறையைத் தருவினம்."

"அப்ப ஆப்பும் அப்பிடித்தான் செய்யும்." அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அங்கேயே மடிக்கணினியை விரித்து, 'இன்று வர ஏலாது' என்று ஒரு பொத்தானை இழுத்து வைத்தாள். கேட்டவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இருந்தார்.

சோமசேகரம் ஐயா தன் போனில் இரண்டு பேருக்கென்று ஒரு பதிவு போட்டுப் பார்த்தார். றிஸ்கானின் சட்டைப் பையில் போன் சத்தமிட்டது. இதுவரை ஆப்பிடமிருந்து ஒரு செய்தியும் வராத மனிதர் துள்ளி எழும்பினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா வரிசையைப் பார்த்தார். "என்ன, என்ர போட் கடைசியில நிக்குது?"

"ஆகக்கூட ஓடின போட்டைக் கடைசியில வைச்சுத்தான் தொடங்கினனாங்கள். முதல் கிழமை முழுக்க நீங்கள்தானே ஓடினனீங்கள், அப்பா."

"அதுவும் சரிதான்," என்றார் அப்பா. "அந்தக் கிழமை எனக்கு இவையின்ர முகத்தைப் பாக்கவே வெக்கமா இருந்தது." பக்கத்தில் இருந்த ஜமால்தீன் மாமா அவர் தோளில் தட்டினார்.

"நிலாவெளிக்காரரிட்ட நான் கதைக்கிறன்," என்று ஐயா அக்காவிடம் சொன்னார். "அங்க போகேக்க இந்தச் சின்னவையையும் கூட்டிக்கொண்டு போ."

ஆப்பின் முகப்புக்குப் புதிதாக ஒரே ஒரு படம் எடுத்தார்கள். மணலில் எல்லாப் படகுகளும் வரிசையாக நின்றன. நிருஜா பெரிதாக்கிப் பார்த்தபோது நூரின் முனையில் அதே காகம் இருந்தது.

"அழிக்கட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம்," என்றாள் ஸஹ்ரா. "அதுவும் முறைக்குத்தான் நிக்குது."