எழுந்து நிற்பவர்கள்

வஸீலாவின் வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டில் மூன்று பக்க எண்களைச் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவள் கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தபோது வெளியே பாலைக் காற்று அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஊர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியது. நூலகர் தஹ்பியா மட்டும் மேசைக்குப் பின்னால் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"வாடி மணப்பொண்ணே! நாளைக்குப் பாஸானா எனக்கு எத்தனை தட்டு பலகாரம்?"

"முதல்ல முடிவு வரட்டும் அக்கா. தேர்வே ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. மூணாவதும் போனா என் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க."

"வாயைக் கழுவு. உங்கம்மா பாதாம் அரைக்கிற வாசனை எங்க தெரு வரைக்கும் வருது."

"மூணாவது தடவையா அரைக்கிறாங்க. பாதாம் கடைக்காரன் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறான்."

தஹ்பியா விழுந்து விழுந்து சிரித்தாள். வேண்டியவை அமெரிக்க நாவல்கள் என்று கேட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. ஆங்கில, அமெரிக்க இலக்கியம் முழுவதும் நிலவறையில்தான் இருந்தது.

"லக்தர் கூட வரலியா?"

"எங்க சாரா? அவர் இந்த வாசப்படியை மிதிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

லக்தர் அவளுடைய நெறியாளர். அவருக்கு வேண்டிய புத்தகங்களை மாணவர்கள்தான் சுமந்துபோய்க் கொடுப்பார்கள். அவரைப் பற்றி இன்னொரு கேலியும் உண்டு. சர்க்கரைக் கட்டியைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் விலகுவார். காபி கசக்கக் கசக்கத்தான் குடிப்பார்.

"சரி, போ. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. கீழே நாற்காலி நகர்ற சத்தம் கேட்டா, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காதே."

"எலியா அக்கா?"

"எலின்னே வச்சுக்கோ. எழுந்திருக்காதே."

நிலவறைப் படியின் அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து தானே அணைந்துவிடும். ஈரச் சுண்ணாம்பும் பழைய காகிதமும் கலந்த நாற்றம். வஸீலா மூன்று புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு கடைசி அலமாரிக்குப் பின்னால் இருந்த சிறு மேசையில் உட்கார்ந்தாள். அமெரிக்கக் கதைகளில் ஆளில்லாத வீடுகள். அதுதான் அவள் தலைப்பு. முதல் எண் சரி. இரண்டாவதும் சரி.

விளக்கு அணைந்தது.

கைபேசியைத் தேடிப் பைக்குள் கைவிட்டாள். அப்போது அந்த வாசனை வந்தது. ஆரஞ்சுப்பூப் பன்னீர். பலகாரம் செய்யும் நாளில் அம்மாவின் கையில் வருமே, அதே வாசனை.

பிறகு ஒரு சத்தம். யாரோ கோப்பையில் கரண்டியால் கலக்குகிறார்கள். மெதுவாக, யோசித்துக்கொண்டே கலக்குவதுபோல. சத்தம் மேலேயிருந்து வரவில்லை. மேசைக்கு எதிரே இருந்த சுவருக்குள்ளிருந்து வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

இன்னொன்று.

பிறகு ஒரு மண்டபமே.

வஸீலா எழுந்து நின்றாள்.

அந்த ஊர்க் கல்லூரியில் படித்த யாரும் எழுந்துதான் நின்றிருப்பார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் மூவர் குழு உள்ளறைக்குப் போய்ப் பேசும். திரும்பி வரும்போது மண்டபம் முழுவதும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழும். தலைவர் முடிவை வாசிப்பார். அதுவரை மூச்சைப் பிடித்திருக்கும் பெண்கள் குலவையிடுவார்கள். அதன்பின் பலகாரத் தட்டுகளின் துணி விலகும். எத்தனையோ தோழிகளுக்காக வஸீலா அப்படி நின்றிருக்கிறாள். இப்போதும் அவளைக் கேட்காமலே கால்கள் நிமிர்ந்துவிட்டன.

நின்ற பிறகுதான் தஹ்பியா சொன்னது நினைவுக்கு வந்தது.

சுற்றிலும் மூச்சு. குலவைக்காக இழுத்துப் பிடித்த மூச்சு. யாரும் அதை வெளியே விடவில்லை.

காதருகே ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

"வந்துட்டாங்களா?"

எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. தஹ்பியா அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"நின்னியா?"

"நின்னுட்டேன் அக்கா."

"ஐயோ, என் மகளே."

தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள். "நிலநடுக்கத்துல விழுந்த பழைய கட்டடம் இங்கதான் இருந்துச்சு. இப்ப நிலவறை இருக்கிற இடம்தான் அப்ப தேர்வு மண்டபம், அந்தச் சுவருக்குப் பின்னாலதான் உள்ளறை. அன்னைக்கு ஹூரியான்னு ஒரு பொண்ணுக்குத் தேர்வு. உன்னை மாதிரி இலக்கியம்தான். குழு உள்ளே போயிருச்சு. அவ அம்மா, அத்தைங்க, தங்கச்சிங்க எல்லாம் தட்டோட காத்திருந்தாங்க. நான் வாசல்ல நின்னேன். தரை அசைஞ்சப்ப உள்ளறைக் கதவு ஆடிச்சு. குழு வருதுன்னு நினைச்சு எல்லாரும் எழுந்துட்டாங்கடி. ஓட வேண்டியவங்க எழுந்து நின்னாங்க."

"இப்ப எனக்கு என்ன ஆகும்?"

"உனக்கு முன்னாடி ரெண்டு பேர் அவங்களோட நின்னுட்டாங்க. ஒருத்திக்குத் தேர்வன்னைக்குக் காலையில குழுத் தலைவர் செத்தார். இன்னொருத்தி அஞ்சு வருஷமா தேதிக்குக் காத்திருக்கா. அவங்களுக்கு முடிவு வாசிக்கிற வரைக்கும், கூட நின்னவளுக்கும் வாசிக்க மாட்டாங்க."

"அப்ப யாராவது வாசிச்சிட்டா?"

தஹ்பியா தலையைக் குனிந்துகொண்டாள். "குழுவுல பிழைச்சது ஒருத்தர்தான். உங்க சார்."

வஸீலா கைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிக் கூப்பிட்டதால், அந்தி சாய்ந்தபோது லக்தர் வந்தார். வாசப்படியில் நெடுநேரம் நின்றார்.

"பாஸோ ஃபெயிலோ, அவளுக்குச் சொல்லிடுங்க சார்," என்றாள் வஸீலா. "அவங்க உட்காரட்டும். நானும் உட்காரணும். எங்கம்மா இப்ப பாகு காய்ச்சிட்டு இருப்பாங்க."

"பாகு" என்றார் லக்தர், கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல். பிறகு படியிறங்கினார்.

பொத்தானை அழுத்தியது அவர்தான். இருவரும் மேசையருகே உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்த நேரம் முழுவதும் அலமாரிகள் வெறும் அலமாரிகளாக இருந்தன.

அணைந்தது.

ஆரஞ்சுப்பூ மணந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. வஸீலா மேசையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். அப்படியும் முழங்கால்கள் நிமிர்ந்தன. பக்கத்தில் லக்தர் எழும் சத்தமும் கேட்டது.

"குழு கூடி ஆராய்ந்து," என்று தொடங்கினார். மண்டபங்களில் அவள் பலமுறை கேட்ட அதே கம்பீரக் குரல். "ஆய்வாளர் ஹூரியாவுக்கு…"

குரல் அறுந்தது.

சுவருக்குள் கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்."

"மூணு பேர்ம்மா. நான் பட்டம் கொடுக்கலாம்னேன். இன்னொருத்தர் கூடாதுன்னார். தலைவர் எந்தப் பக்கம் சொல்றாரோ அதுதான் முடிவு."

"அவர் என்ன சொன்னார்?"

"கப்பைக் கலக்கிட்டே இருந்தார். இனிப்பு பத்தல, ரெண்டு கட்டி சர்க்கரை கொண்டா, குடிச்சிட்டுச் சொல்றேன்னார். நான்தான் வயசுல சின்னவன். எடுத்துட்டு வர வெளியே போனேன்."

கரண்டி நின்றது.

இருட்டில் அத்தனை மூச்சும் அவர் பக்கம் திரும்பியதை வஸீலா தன் கன்னத்தில் உணர்ந்தாள்.

"வந்துட்டாங்களா?" என்றது காதருகே அந்தக் குரல்.

லக்தர் அந்தக் குரலுக்குத்தான் பதில் சொன்னார்.

"அவர் சொல்லவே இல்லம்மா. முடிவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

யாரும் உட்காரவில்லை.

சுவருக்குள் கரண்டி மறுபடி சுற்றத் தொடங்கியது.