ஆறாத இரும்பு

இரும்பு ஆறவில்லை.

இரும்பைக் கடையும் லேத்திலிருந்து கழற்றி எவ்வளவோ நேரமாகிவிட்டது. மழைச் சாரலில் ஜன்னல் கம்பியே ஜில்லென்று கிடக்க, சுண்டுவிரல் நீளமுள்ள அந்தத் தண்டு மட்டும் அவன் உள்ளங்கையில், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி, வெதுவெதுவென்று இருந்தது.

உள்ளறையில் மனைவி படுத்திருந்தாள். அவளுடைய மூச்சு மெஷினில் பம்ப்பின் தண்டு காலையில் முறிந்துபோனது. வெள்ளம் பாலத்தையே முழுங்கிவிட்டதால் ஆஸ்பத்திரி வண்டியும் வர வழியில்லை. மகள் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அம்மாவுக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தாள். முகமூடி போட்டதிலிருந்து மனைவிக்குப் பேச்சும் கையால்தான். பிடித்த கையை ஒரு அமுக்கு அமுக்கினால் சரி, இரண்டு அமுக்கு என்றால் வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அவன் வாங்கிய லேத் இது. மேஜை மேல் அடங்கிவிடும். "பொம்மை வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! பொம்மைதான். கைப்பிடியைக் கால் சுற்று சுற்றினாலும் இரும்பைச் சீவும் டூல் நகராது. அப்புறம் திடீரென்று பாய்ந்து கடிக்கும். இன்றைக்கு அவள் உயிர் இந்தப் பொம்மையின் கையில்.

முறிந்ததற்கு மாற்றாகக் கடைந்த முதல் தண்டை அவசரத்தில் சூட்டோடு அளந்து தொலைத்தான். உப்பியிருந்த இரும்பு சரியான அளவைக் காட்டியது. ஆறியதும் சுருங்கி, பம்ப்பின் துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. 'ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா?' அவள் வாய்க்கு வாய் சொல்வதுதான். மிச்சமிருந்தது இந்த ஒரே துண்டு. இதை ஆறவிட்டு அளந்து, கடைசியாக ஒரு தடவை மெல்லச் சீவ வேண்டும்.

"அப்பா, கை மரத்துப்போச்சுப்பா!"

"இதோ ஆச்சும்மா. கொஞ்சம் தாங்கிக்கோடா."

வாளித் தண்ணீரில் போட்டான். எடுத்தான். அதே சூடு. தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தான். தண்ணீரும் வெதுவெதுத்திருந்தது. இதென்ன கூத்து?

"அப்பா, அம்மா கால் ஐஸா இருக்குப்பா. ரெண்டு போர்வை போத்தியும் சூடே ஏறல."

இனி ஆறுவதற்குக் காத்திருக்க நேரமில்லை. தண்டை லேத்தில் மாட்டி முடுக்கினான். சுவிட்சைப் போட்டான். டூல் தொட்டது.

உள்ளே அவள் முனகினாள்.

டூலைப் பின்னால் இழுத்தான். முனகல் நின்றது. மழைதான் கேட்டது. மறுபடி தொட்டான். மறுபடி முனகினாள், இன்னும் நீளமாக.

ஐயோ. ஐயோ, தாயே, என்றது அவன் மனம்.

"அப்பா, முடியலப்பா... சீக்கிரம்ப்பா!"

பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். முனகல் அலறலாயிற்று. சுற்றினான். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. அலறல் தேய்ந்தது. நின்றது. அவன் நிறுத்தவில்லை.

தண்டு கச்சிதமாகப் பொருந்தியது. மெஷின் ஓடியது. மனைவியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது.

"அம்மா பொழச்சுட்டாங்கல்லப்பா?"

"ஆமாண்டா. நீ படு."

மகள் கட்டிலோரம் தரையிலேயே சுருண்டு தூங்கிப்போனாள். பாவம், குழந்தை.

அவன் மனைவியின் கையைப் பிடித்தான். ஆறிய இரும்பின் குளிர். அமுக்கினான். பதில் இல்லை. கன்னத்தைத் தொட்டான். குளிர். கண் பாதி திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு மட்டும் ஏறியது. இறங்கியது.

நிறுத்தலாமா? நிறுத்தினால் அவள் போய்விடுவாள். எங்கே மிச்சமிருக்கிறாளோ, அங்கிருந்தும் போய்விடுவாள்.

கையை மெஷின் பெட்டியின் மேல் வைத்தான். வெதுவெதுப்பு. தகரத்துக்கு அடியிலிருந்து ஏதோ அவன் உள்ளங்கையை அமுக்கியது.

இரண்டு அமுக்கு.

சற்று இடைவெளி.

இரண்டு அமுக்கு.