கை வரும் நேரம்

காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் முதல் வேலை, சுவரில் பதித்த தகட்டில் கட்டைவிரலை வைப்பது. வைத்துவிட்டுச் சற்று நின்றால் காதுக்குப் பின்னால் லேசாக அரிக்கும். பிறகு கை வந்துவிடும். அதாவது, குளம்பை எவ்வளவு சீவ வேண்டும், ஆணியை எந்தச் சாய்வில் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் விரல்களுக்குத் தெரிந்துவிடும். மாலையில் கதவைச் சாத்தும்போது போய்விடும். முன்பெல்லாம் 'கைவந்த கலை' என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்களாம். எங்களுக்கு அது தினமும் வருகிறது, தினமும் போகிறது, குழாய்த் தண்ணீர் மாதிரி.

கொடைக்கானல் மலைச்சாலையில் லாரிகள் நின்றுபோய்க் குதிரை வண்டிகள் ஏறத் தொடங்கியபோது, ஆளாளுக்கு லாடம் அடித்தார்கள். வளைவுகளில் குதிரைகள் சறுக்கி, வண்டியோடு பள்ளத்தில் விழுந்தன. அதனால்தான் குளம்பணி மன்றம் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மன்றம் முதலில் வார்த்தையை மாற்றியது. 'லாடம் கட்டுவது' என்றால் போலீஸ் அடி ஞாபகம் வருகிறதாம். 'குளம்பணி' என்று கௌரவமாகச் சொல்ல வேண்டுமாம். பிறகு பயிற்சியை மாற்றியது. வருடக்கணக்கில் யாரும் கற்க வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் அரிசியளவு ஒரு விதை. உரிமம் இருக்கும்வரை கைநினைவு. எனக்கு விதைத்த மறுநாளே நான் லாடம் அடித்தேன். ஒரு குதிரைகூடச் சறுக்கவில்லை. அமலோற்பவம் என்றால் மலை முழுக்கத் தெரியும் என்று எனக்குப் பெருமை வேறு.

தவமணி மேல்மலையிலிருந்து கேரட் மூட்டைகளை வத்தலக்குண்டுக்கு இறக்கும் வண்டிக்காரன். பவுனு அவனுடைய செம்பழுப்புக் குதிரை. அவனுக்கு வேறு சொத்தும் கிடையாது, சொந்தமும் கிடையாது. அதன் முன்னங்காலுக்கு நான் லாடம் மாற்றிய அன்றுதான் மன்றம் கைநினைவைப் புதுப்பித்திருந்தது. ஆணி வழக்கத்தைவிட உள்ளே சாய்ந்து இறங்கியது. என் விரல்கள் தயங்கவில்லை. தயங்குவதற்கு அவற்றுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் காலையில் தகட்டில் விரலை வைத்தேன். அரிக்கவில்லை. மறுபடியும் வைத்தேன். அதற்குள் தவமணி பவுனுவைத் தள்ளாத குறையாக நடத்திக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, காலை ஊனவே மாட்டேங்குதுக்கா. குளம்பு கொதிக்குது, தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மன்றத்தை அழைத்தேன். ஆதரவுப் பிரிவின் குரல் தேன் ஒழுகப் பேசியது.

"சோதனைச்சாவடியில் நொண்டல் பதிவாகியுள்ளது. விசாரணை முடியும்வரை உங்கள் உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்தக் குளம்பு சான்றுப்பொருள் என்பதால் வேறு எந்தக் குளம்பணியரும் தொடக் கூடாது. இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"

"எம் மனநிலை கெடக்கட்டும். ஒரு ஆணியப் புடுங்கணும். அஞ்சு நிமிஷம் கையத் தாங்க."

"உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஒரு மூச்சுப் பயிற்சியைத் தொடங்கலாமா?"

தினமும் அழைத்தார்கள். சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று தினமும் கேட்டார்கள். இத்தனை அக்கறையை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. பவுனுவின் கால் கணுவரைக்கும் வீங்கியது. வைக்கோலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சட்டம் கிடக்கிறது என்று ஒருநாள் மதியம் ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. என் பட்டறை, என் குறடு, அதில் என் விரல் தேய்ந்த வழவழப்பு; ஆனாலும் தெரியவில்லை. தவமணி பவுனுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எந்த ஆணிக்கா?"

"தெரியலடா."

"நீங்கதானக்கா அடிச்சீங்க?"

"நான்தான் அடிச்சேன். தெரியல."

ஏதோ ஒன்றைப் பிடித்து இழுத்தேன். குளம்பின் ஓரம் பிளந்துகொண்டு வந்தது. பவுனு கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்து பார்த்தது. அது வேறு ஆணி என்பது மட்டும் அப்போது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பவுனு யாரையும் பக்கத்தில் விடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கால்நடை மருத்துவர் வந்தார். சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டது, இனிப் பிழைக்காது என்று சொல்லி, வலியில்லாமல் சாக ஊசி போட்டார். தவமணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விசாரணை நல்லபடியாக முடிந்தது. பிழை புதுப்பிப்பில்தானாம்; நான் குற்றமற்றவளாம்; பொறுமைக்கு நன்றியாம். காலையில் விரலை வைத்தேன். அரித்தது. கை வந்தது. மன்றம் விசாரணைக்குக் கழற்றிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பிய பவுனுவின் லாடம் மேசைமேல் கிடந்தது. அதை விரல்கள் தாமாகவே எடுத்துத் திருப்பி ஒரு துளையில் போய் நின்றன. அந்தத் துளையின் ஆணியைத்தான் பிடுங்கியிருக்க வேண்டும். சீழை வடியவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, சாக்குத்துணியால் கட்டியிருந்தால் போதும். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தவமணி வண்டியை விற்றுவிட்டு, கீழே போவதாகச் சொல்ல வந்தான்.

"கை வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு."

"இப்பத் தெரியுதா, எந்த ஆணின்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். "உள்பக்கம் மூணாவது," என்றேன்.

லாடத்தை வாங்கி அந்தத் துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான்.

"பெரிய வேலையா?"

"இல்லடா. சின்ன வேலதான்."

தலையை ஆட்டிவிட்டு, லாடத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். வாசலில் வரிசையாகக் குதிரைகள் நின்றன. எல்லாவற்றுக்கும் அடித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

மாலையில் கதவைச் சாத்தினேன். கை போயிற்று. பவுனுவின் லாடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்பக்கம் மூணாவது. வார்த்தை அப்படியே இருந்தது. ஆனால் இதில் உள்பக்கம் எது, எங்கிருந்து எண்ணுவது? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாத் துளையும் ஒன்றாகவே இருந்தன. காலையில் தெரிந்துவிடும்.