கரண்ட் சாமி பிடுங்கியது

முதல் கொண்டை ஊசி வளைவில் ராமர் ஹாரன் அடிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த அவன் பெண்டாட்டி சந்திரவல்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எண்பத்திரண்டாம் வருசத்து ஐப்பசி மழை. போடிமெட்டில் ஏறிய மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. நனைந்த சாக்கும் பச்சை ஏலக்காயும், பின்னால் நெருக்கியடித்திருந்தவர்களின் தலைமுடியில் ஒட்டியிருந்த ஈரப் பஞ்சும் சேர்ந்து ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

ராமரைத் தெரியாதவர் போடியில் யார்? மலையில் ஜீப்பு ஓட்டினால் புலி, வீட்டில் தண்ணியைப் போட்டால் பேய். அவன் சட்டி உடைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தெருவே ராத்திரிச் சோறு தின்னும். ஆனால் ஒன்று, குடித்துவிட்டு மலைப்பாதையில் வண்டியைத் தொட்டதே இல்லை. மலை என்றால் அவனுக்கு அவ்வளவு பயம்.

குடியை நிறுத்த அவள் கயிறு கட்டாத கோயில் இல்லை. கடைசியில் மேலே எஸ்டேட் பங்களாவில் மடம் போட்டிருந்த கரண்ட் சாமியிடம் ஒரு மண்டலம் கொண்டுபோய் விட்டாள். எங்கோ பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்து காவி கட்டியவர். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார். நெற்றிப்பொட்டில் நனைத்த பஞ்சை வைத்து, ஒயரைச் செருகி, கரண்ட் பெட்டியின் குமிழைத் திருகுவார். முப்பது வருசத் தவம் அரை மணியில் கிடைக்குமாம். முனிவர்களுக்குத் தெரிந்திருந்தால் உடம்பு மேலே கறையான் புற்று வளர விட்டிருக்க மாட்டார்கள், பாவம்.

"எல்லாத்துக்கும் வேரு பயந்தாம்மா. புடுங்கியாச்சு. கூட்டிட்டுப் போ," என்று அன்று மத்தியானம் சாமி சிரித்தார். தியானம் முடித்த மற்றவர்களும் இதே வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அடுத்த வளைவிலும் ஹாரன் இல்லை.

"ஏங்க, மெதுவாப் போங்க. எதுக்க லோடு வண்டி வந்துச்சுன்னா?"

"வரட்டும் வல்லி."

வல்லியாம்! கல்யாணமான நாளாக மூதேவியைத் தாண்டி அவன் வாயில் எதுவும் வந்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வளைவு தூரம் அவள் பயத்தை மறந்தாள்.

அப்புறம் அவன் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் சிலர் செய்கிற சோலிதான். ராமர் ஒருநாளும் செய்ததில்லை.

எஞ்சின் நின்றதும்தான் மற்றது கேட்டது. ஈரத் தாரில் டயர் உரசும் சத்தம். அதற்கு மேலே, மூச்சு. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக இழுத்தார்கள். ஒன்றாக விட்டார்கள்.

ராமரும் அதே மூச்சில்.

"யோவ்! பிரேக்கப் புடிய்யா!"

வேகம் கூடியது. இடப்பக்கம் பாறை முடிந்தது. அதற்கப்பால் வெள்ளை மேகம் மட்டும்.

அவன் தோளைக் குலுக்கினாள். கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவன் சிரித்தான்.

அடிக்கட்டும். சட்டியை உடைக்கட்டும். மூதேவி என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை.

திரும்பினாள். "அண்ணே! ஆத்தா! யாராச்சும் சொல்லுங்களேன்!"

மூடிய கண்கள். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. ஒரு கிழவி கண்ணைத் திறக்காமலே கை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினாள்.

"பயப்படாத தாயி. நல்லாத்தான் இருக்கு."

ராமர் ஸ்டீரிங்கை விட்டான். இரண்டு கையையும் மடியில் வைத்தான், உள்ளங்கை மேலே பார்க்க. கண்ணை மூடினான்.

பாய்ந்து பிடித்தாள். திருப்பினாள்.

சரளை தெறித்தது. சக்கரத்துக்குக் கீழே எல்லாச் சத்தமும் நின்றது.

மூச்சு மட்டும், நிதானமாக, எல்லோருக்கும் சேர்த்து ஒன்றாய், உள்ளே போனது.