லீபா தெருவின் இறங்குகோடு

கூதிர்காலம் தன்யூபின் கரையில் வந்து தங்கிவிட்டது. ஆற்றிலிருந்து எழுந்த வெண்பனி, துதி முடிந்த பின்னும் ஆலயத்தை விட்டு நீங்காத சாம்பிராணிப் புகை போல நகரின்மேல் நின்றது. உதிர வேண்டிய இலைகள் உதிர்ந்துவிட்டன. உதிர்ந்தவற்றைக் கூட்டுவாரும் குறைந்துவிட்டனர்.

அத்தகைய ஒரு காலையில் நெவேனா என்னும் மூதாட்டி ரதோயின் வீட்டுக்கு வந்தார். ரதோய் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். எவர் எதைச் சொன்னாலும் முழுதும் கேட்ட பின்பே வாய் திறப்பவர். அருகே அவருடைய நண்பர், தபால்காரர் கெஞ்சோ, காப்பியைக்கூட அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

நெவேனா ஒரு தாளை விரித்தார். லீபா தெருவில் ஏழாண்டுகளாகக் கைமாறிய வீடுகளின் ஆண்டுச் சராசரி விலைப்படம் அது. நான்காண்டுகள் ஏறிய கோடு, பின்னர் மலைச்சரிவு போல இறங்கியிருந்தது.

"தரகர் ஓக்னியான் வரைஞ்சு குடுத்தது. 'உங்க தெரு செத்துப்போச்சும்மா, பதினெட்டாயிரம் லெவாவே அதிகம், நானே வாங்கிக்கறேன்'ங்கறாரு. வர்ணா ஊர்ல இருக்கற மகன் பக்கத்துல ஒத்தை ரூம் வாங்கவே நாப்பதாயிரம் வேணும். இன்னைக்குச் சாயங்காலம் கையெழுத்து கேக்குறாரு."

"பொய்க் கணக்கு! வேறென்ன?" என்று துள்ளினார் கெஞ்சோ.

நண்பர்கள் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தபோது ஒவ்வோர் எண்ணும் ஏட்டோடு பொருந்தியது. கெஞ்சோவின் முகம் தொங்கிற்று. ஏட்டின் பட்டியலை மீண்டும் பார்த்தவர் முணுமுணுத்தார்: "இதென்னண்ணே கூத்து? பதினொண்ணாம் நம்பர் கலீனாக்கா போன வருஷம் மார்ச்சுல வித்துட்டாங்களாம். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் அதே கதவுலதான் நான் பென்ஷன் குடுத்தேன்."

"கோடு இறங்கற மூணு வருஷத்துல இதே மாதிரி கம்மி விலைக்கு வித்த மத்த நாலு பேரு?" என்று கேட்டார் ரதோய்.

"அவங்களும் அப்படித்தான். சாகறவரைக்கும் வீட்டை விட்டு நகரலை."

ரதோய் லீபா தெருவுக்கு நடந்தார். ஐந்து கதவுகளிலும் கறுப்புக் கரையிட்ட இரங்கல் தாள்கள் ஒட்டியிருந்தன. மழையில் வெளுத்த முகப்படங்களின் கீழிருந்த இறப்பு நாள்களைக் குறித்துக்கொண்டார். அனைத்தும் 'விற்பனை'க்குப் பிந்தியவை. பின்பு அலுவலகத்துக்குத் திரும்பி, ஐந்து பத்திரங்களையும் கேட்டு வாங்கி முழுதும் படித்தார்.

மாலையில் ரதோயும் கெஞ்சோவும் வந்தபோது, நெவேனாவின் சமையலறையில் ஓக்னியான் பேனாவுடன் அமர்ந்திருந்தார்.

"படத்துல ஒரு எண்ணும் பொய்யில்லை," என்று தொடங்கினார் ரதோய். "ஆனா கடைசி மூணு வருஷத்து எட்டுல அஞ்சு விற்பனையே இல்லை. தனியாப்போன கிழங்க, 'சாகறவரைக்கும் என்னைப் பாத்துக்கோ, வீட்டை எடுத்துக்கோ'ன்னு எழுதிக் குடுத்த பத்திரங்க. ஒரு காசு கைமாறலை. பதிவுக்கு ஏதாவது தொகை போடணுமேன்னு வரி மதிப்பைப் போடுவாங்க. அது சந்தை விலையில பாதிகூட வராது."

"ஏட்டுல இருந்ததைத்தானே போட்டேன்!"

"எண்ணை எடுத்தீங்க, பத்திரத்தோட தலைப்பை விட்டுட்டீங்க. இருபது வருஷத் தரகருக்கு அது தெரியாதா? அஞ்சையும் நீக்கினா அந்த மூணு வருஷத்துல மூணே விற்பனை. கோடு ஏறுது. போன வருஷத்து வீடு நாப்பத்தஞ்சாயிரம்."

தரகர் பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

"தொப்பியை மறந்துடாதீங்க சார்," என்றார் கெஞ்சோ. "அப்புறம் அதையும் வரி மதிப்புக்கு எடுத்துக்குவோம்!"

நெவேனா சிரிக்கவில்லை. அவருடைய விரல் கோட்டின் கடைசிப் பள்ளத்தில் நின்றிருந்தது.

"கலீனாவோடதும் இதுலதானா?"

"ஆமாம்மா."

"வேலித் தகராறுல ஒன்பது வருஷம் அவகூடப் பேசலை. பக்கத்து வீடுதான். ஒரு தட்டு சூப்புக்காக வீட்டையே யாருக்கோ எழுதிட்டாளே... என் கதவைத் தட்டியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டேனா?" விரலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டு, "நானும் தட்டலையே," என்றார்.

ரதோய் அந்தத் தாளை மடித்து மேசையோரம் வைத்தார்.

மறுநாள் ஆலயத்தில், இறந்தோருக்கு மெழுகுத்திரி ஊன்றும் தாழ்ந்த மணல்தட்டின் முன் நெவேனா முழந்தாளிட்டார். திரி ஒன்றை ஏற்றி, மணலில் ஊன்றி, சிலுவைக் குறியிட்டார்.

"கலீனா, ஆண்டவர் உன்னை மன்னிக்கட்டும்டி. என்னையும். நீ இருக்கற எடத்துல வெளிச்சம் இருக்கட்டும். பக்கத்துல ஆளும் இருக்கட்டும்."