இரண்டாம் நிமிடம், பதினேழாம் நொடி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏழு பேரும் பாட்டுக்குள் நுழைந்தார்கள்.

ஒசாகா நகரத்தில் மூடிக் கிடந்த ஒரு பொதுக்குளியல் கூடம். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் 'ஹாய்இரோ' என்ற ராக் இசைக்குழு தன் முதல் வீடியோவை அங்கேதான் படம்பிடித்தது. குழுவில் நான்கு இளைஞர்கள். கையில் காசில்லாததால் ஒரே கேமராவை ஓர் இடத்தில் நிறுத்தி எடுத்த பாட்டு. இப்போது தூத்துக்குடியிலும் திருச்சியிலும் மேலப்பாளையத்திலும் இன்னும் நான்கு ஊர்களிலும் பார்வைக்கவசம் மாட்டி உட்கார்ந்திருந்தவர்கள், அந்தக் கூடத்தின் ஈரத் தரையில் நின்றார்கள்.

ஒரு வீடியோவிலிருந்து அதை எடுத்த இடத்தையே மீட்டுத் தரும் 'சூழ்மீட்பி' என்ற கருவி சந்தைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கேமரா பார்க்காத இடத்தையும் அது காட்டும். திருச்சிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வைரவன் அதை எளிதாக விளக்கியிருந்தார்: "படத்துல இருக்கிற வெளிச்சம் அறையோட எல்லாச் சுவர்லயும் பட்டுத்தான் வந்திருக்கு. ஈரத் தரையில, டிரம்ஸோட பித்தளைத் தட்டுல, ஆளோட கண்ணுல அந்தச் சுவர் துளித்துளியா ஒட்டியிருக்கும். இது எல்லாத்தையும் பொறுக்கி ஒண்ணா சேர்த்துடுது."

அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நொடி. இரண்டாம் நிமிடம் பதினேழாம் நொடியில், டிரம்ஸ் வாசிக்கும் கெய்ட்டா இடப்பக்கம் திரும்பிச் சிரிப்பான். அடுத்த ஆண்டே குழுவை விட்டுப் போய்விட்டான். வேறு எந்த வீடியோவிலும் அவன் சிரித்ததில்லை. யாரைப் பார்த்துச் சிரித்தான்? 'ஹாய்இரோ தமிழ் ரசிகர் வட்டம்' இதைப் பற்றிப் பதினோரு ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவன் காதலி நின்றிருப்பாள் என்பது தூத்துக்குடி எஸ்தரின் கட்சி. "சாப்பாடு வந்திருக்கும், வேற என்ன?" என்பது வைரவனின் கட்சி.

"நிறுத்துறேன்" என்றாள் மேலப்பாளையம் ஷமீமா. கெய்ட்டா சிரித்தபடி உறைந்தான். ஏழு பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

ஓடு பதித்த சுவர். ஒரு குழாய். கவிழ்த்து வைத்த இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். யாருமில்லை.

"கருவி சரியா வேலை செய்யலையோ?" என்றார் ஒருவர்.

"தொண்ணூற்றேழு சதவீதம் துல்லியம்னு காட்டுது" என்றாள் ஷமீமா.

எஸ்தர் கவசத்தைக் கழற்றினாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரிகளை எடைபோடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வயது நாற்பத்தாறு. வட்டத்தில் சேர்ந்தபோது கணவன் கில்பர்ட் அதே வீட்டில்தான் இருந்தான். வட்டத்தினர் ஒருவருக்கொருவர் அனுப்பும் வாராந்தர வீடியோ மடல்களில் அவன் குரலும் கேட்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் விவாகரத்து ஆனது. அந்த வாரம் ஷமீமா, "அண்ணன் எப்படி இருக்கார்க்கா?" என்று கேட்டபோது, வாய் தானாக, "நல்லா இருக்கார்" என்றது. ஒருமுறை சொன்னதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது. மடல் பேசும்போது நடுவில் இடப்பக்கம் திரும்பி, "ரெண்டு நிமிஷங்க, இதோ வர்றேன்" என்று சிரிப்பாள். ஒன்பது ஆண்டுகளாக.

அவள் மடல்கள் எல்லாம் வட்டத்தின் சேமிப்பறையில் இருந்தன. எந்த வீடியோவுக்குள்ளும் சூழ்மீட்பி நுழையும். கவசத்தை மறுபடி மாட்டி, சென்ற மாத மடலைத் தேர்ந்தெடுத்தாள். 'ஏற்கெனவே மீட்கப்பட்டுள்ளது' என்றது கருவி.

உள்ளே போனாள். அவள் அறைதான். பின்னால் அலமாரியில் வைத்திருந்த எவர்சில்வர் குடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருந்தது. ஒற்றை நாற்காலி. ஒற்றைத் தட்டு. அவள் திரும்பிச் சிரித்த இடத்தில் துணி உலர்த்தும் கொடி, அதில் அவள் புடவை மட்டும். கீழே சிறிய எழுத்தில்: 'இதுவரை வந்து சென்றவர்கள்: 6.'

ஆறு பேர். எல்லோருமே. முதல் வருகை ஐந்து வாரங்களுக்கு முன். போன ஞாயிறுகூட அவர்களில் மூன்று பேர் அண்ணனை விசாரித்திருந்தார்கள்.

அவமானம் முதலில் வந்தது, கோபம் பின்னால் வந்தது. அந்தக் கோபத்தோடு வைரவனின் மடலுக்குள் நுழைந்தாள். வைரவன் எப்போதும் அடங்கிய குரலில்தான் பேசுவார். "பக்கத்து ரூம்ல பொண்ணு படிக்கிறா" என்பார். முதலில் பள்ளிப் பரீட்சை, பிறகு கல்லூரி, இப்போது அரசுத் தேர்வு. அந்தப் பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே மேசை இல்லை, கட்டில் இல்லை. அட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

அவருக்கு ஃபோன் செய்தாள்.

"பார்த்துட்டீங்களா?" என்றார் எடுத்ததுமே.

"நீங்க எப்ப பார்த்தீங்க சார்?"

"போன மாசமே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்களும் என்னைக் கேப்பீங்களே." அவர் குரல் இன்னும் தணிந்தது. "பொண்ணு ஜெர்மனி போய் ஏழு வருஷம் ஆச்சு. அவங்கம்மா செத்ததுக்கு நான்தான் காரணம்னு நினைக்கிறா. பேசுறதில்ல. எஸ்தர், மத்தவங்க வீட்டுக்குப் போகாதீங்க. நான் அஞ்சு வீட்டுக்கும் போய்ட்டு வந்தேன்."

"எல்லாருமே தனியாத்தானா?"

"எல்லாரும்தான்."

அவளுக்கு ஏனோ நெஞ்சு லேசானது. "அப்ப எதுக்கு சார் இந்த நாடகம்? வர்ற ஞாயித்துக்கிழமை நான் சொல்லிடப்போறேன். நீங்களும் சொல்லுங்க. ஏழு பேர், ஏழு தனிக்கட்டை. ஒருத்தரை ஒருத்தர் போய்ப் பார்க்கலாம். பஸ்ஸுல ஆறு மணி நேரந்தானே?"

"சொல்றேன்" என்றார் வைரவன். "நீங்க ஆரம்பிங்க."

அந்த வாரம் முழுவதும் எஸ்தருக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கினாள்.

ஞாயிறு நான்கு மணிக்குத் திரை விரிந்தது. ஆறு முகங்களுக்கும் பின்னால் ஒரே மாதிரி கறுப்புத் துணி. ஒளியை விழுங்கும் துணி என்று கடைகளில் அதை விற்கத் தொடங்கியிருந்தார்கள். கண்மணியிலும் அறை தெரியும் என்பதால் எல்லோரும் பளபளப்பில்லாத கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள், வைரவனும்கூட. எஸ்தர் மட்டும் வெறுங்கண்ணோடு, எவர்சில்வர் குடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு கெய்ட்டாவில் தொடங்கியது. வாளிக்குப் பின்னால் பூனை இருந்திருக்கலாம் என்றார் ஒருவர். எஸ்தர் குறுக்கிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். இந்த வீட்ல நான் மட்டுந்தான் இருக்கேன். அவர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் உங்களைப் பத்தித் தெரியும். இனிமே நாம..."

ஆறு கறுப்புக் கண்ணாடிகளும் அசையவில்லை. யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

ஷமீமாதான் முதலில் சிரித்தாள். "எஸ்தரக்கா விளையாடுறாங்க! இப்பத்தானே அண்ணன் இருமுற சத்தம் கேட்டுச்சு?"

"ஆமா, எனக்கும் கேட்டுது" என்றார் ஒருவர் உடனே.

"எனக்கும்."

"சண்டை போட்டிருப்பாங்க. அதான் ஆளே இல்லைங்கிறாங்க."

எஸ்தர் வைரவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு, பக்கத்து அறையில் யாரோ படிப்பதுபோல மிகவும் தணிந்த குரலில் சொன்னார்:

"எனக்கும் கேட்டுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு பேரும் அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தார்கள். ஷமீமாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது. அது நடுங்குவது தெரிந்தது.

"ரெண்டு நாளா அவருக்குச் சளி" என்றாள் எஸ்தர்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மிளகைத் தட்டிப் போட்டுப் பால் கொடுங்கள் என்றார் ஒருவர். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். தலைக்குக் குளிக்க விடாதீர்கள் அக்கா, என்றாள் ஷமீமா. எஸ்தர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.