கடல் வராத தீவு

1969 அக்டோபர் 7, செவ்வாய். இன்று ஒரு தப்பு செய்தேன். சிங்கப்பூரில் மார்கழி மாதம் பனிக்கட்டி கொட்டும் என்று டைப்ரைட்டிங் வகுப்பில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். எங்கே படித்தேன் என்று ஞாபகமில்லை. படிக்காமலே சொல்லியிருக்கவும் கூடும். பக்கத்து மிஷினில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவள் பிறந்ததே சிங்கப்பூரில்தானாம்.

பாக்கியநாதன் டைரியில் எழுதியது இவ்வளவுதான். சிரித்து முடித்த மறுகணமே அந்தக் கண்கள் இருண்டுபோனதை அவன் எழுதவில்லை. மழைக்கு முன்னால் வானம் சட்டென்று மங்குமே... அப்படி.

பகலில் அவனுக்கு விருத்தாசலம் செராமிக் ஆலையில் வேலை. ஜாடிகளும் கோப்பைகளும் உடையாமல் வைக்கோல் வைத்துக் கட்ட வேண்டும். சாயங்காலம் டைப்ரைட்டிங். சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்த்த அண்ணன் அடைக்கலம், இரண்டு வருஷம் முதலாளியின் கால்மாட்டில் நின்று தம்பிக்குப் பெர்மிட் வாங்கியிருந்தான். நவம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். விருத்தாசலத்தைத் தாண்டிக் கடலூர் வரைக்கும் மட்டுமே போயிருந்த பாக்கியநாதனுக்கு, அந்த ஊரில் தொலைந்துபோய்விடுவோம் என்ற பயம் நெஞ்சைப் பிடித்தது.

அவள் பெயர் அன்னமேரி. அப்பா அங்கே கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர். தளத்தை மூடப்போகிறார்கள் என்று ஆட்களைக் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். அம்மாவை அந்த மண்ணில் அடக்கம் செய்துவிட்டு மகளோடு திரும்பி வந்தவர், இங்கே யாரோடும் பேசுவதில்லை. அன்னமேரிக்கு அதே ஆலையில் கோப்பைகளுக்குப் பூ எழுதும் வேலை கிடைத்தது.

இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவன் கேட்டேவிட்டான். அந்த ஊர் எப்படி இருக்கும், எங்கே என்ன கிடைக்கும் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?

"உக்காந்து சொன்னா புரியாதுங்க. நடக்கணும்" என்றாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கடைவீதியிலிருந்து ஜங்ஷன் பக்கம் இருக்கும் அவள் வீடு வரைக்கும் தினம் நடை. துணைக்குப் பக்கத்து வீட்டுக் காசியம்மாள், வெற்றிலையை மென்றுகொண்டே முன்னால் போவாள். பாத்திரக்கடை வந்தால் அதுதான் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு என்று வைத்துக்கொள்ள வேண்டும். நூர் முகம்மதுவின் டீக்கடை தேக்கா சந்தை. அங்கே வாங்கிய பரோட்டாவை அவள் பிய்த்துக் கொடுத்து, அந்த ஊரில் இதைப் பிராட்டா என்பார்கள், மீன் குழம்பு ஊற்றிக் காலையிலேயே சாப்பிடுவார்கள் என்பாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே வறுத்த நெத்திலி, வாழையிலையில் மடித்துத் தருவார்கள். அந்தச் சோறு இங்கே கிடைக்காது. வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அவள் வாசனையைச் சொல்வாள்... அவனுக்கு நாக்கு ஊறும்.

"பேச்சுலியே வயிறு ரொம்பிச்சின்னா வூட்டுல ஒல வைக்க வேணாம் போல" என்பாள் காசியம்மாள்.

பேச்சு அந்த ஊர் லூர்து மாதா கோவிலுக்கு வந்ததும் மட்டும் அன்னமேரியின் குரல் இறங்கிவிடும். அம்மாவைக் கடைசியாகக் கொண்டுபோன கோவில். அந்த இடத்தில் மூவரும் பேசாமல் நடப்பார்கள். தூரத்தில் சூளைப் புகை மழை மேகத்தோடு போய்ச் சேரும்.

அக்டோபர் போய்விட்டது. ஊர் மட்டும் முடியவில்லை. தினம் ஒரு புதுத் தெரு, ஒரு புதுக் கடை. பாக்கியநாதனுக்குத்தான் குழப்பம். எங்கோ தப்பாகத் திரும்பிவிட்டோம், நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் வகுப்பில் கூடப் படித்த சாமிதுரை வாயைத் திறந்தான். அன்னமேரி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தானோ, பார்த்துத்தான் சொன்னானோ.

"பெர்மிட்டு கையில இருக்கிற ஆளாப் பாத்துத்தான் புடிச்சிருக்குது பொண்ணு. திரும்பிப் போவணுமில்ல."

பாக்கியநாதன் எழுந்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். அந்த உட்கார்தலை அவனால் மன்னிக்கவே முடியவில்லை. அன்னமேரி திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. ஆலையில் எதிரில் வந்தாலும் தலை நிமிரவில்லை. திங்கட்கிழமை அவனுக்குக் கப்பல்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆலை வாசலில் குடையோடு நின்றிருந்தான். அன்னமேரியை அழைத்துப்போக வந்திருந்த காசியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் முன்னாடி போறேன். வழி தெரியாத புள்ளைங்க பின்னாடி வாங்க" என்று நடந்தாள்.

டீக்கடை வந்தது, போனது. கடைசியில் அவனே பேசினான்.

"அன்னிக்கு அவன ஒரு வார்த்த கேக்காம உக்காந்துட்டேன். தப்புதாங்க."

அவள் தேங்கிய நீரைத் தாண்டி நடந்தாள்.

"இன்னொண்ணு கேக்கணும். தீவுன்னு சொல்றாங்க. எத்தினி நாளா நடக்கறோம்... கடலே வரலியே. நான் எங்கியாவது தப்பா வெளங்கிக்கிட்டேனா?"

அன்னமேரி நின்றுவிட்டாள். நனைந்த இமைகளைத் துடைத்துக்கொள்ளவில்லை. மழையா, வேறா... அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க சரியாத்தான் வெளங்கிக்கிட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச ஊரு பத்து நாள்லியே முடிஞ்சிபோச்சி. கோவிலத் தாண்டி ரெண்டு தெரு போனா கடல். அங்க போயிட்டா அதுக்கு மேல நடக்க ஒண்ணுமில்ல. அதனால... இல்லாத தெருவெல்லாம் நான்தான் போட்டேன்."

தன் தப்பு இல்லை என்று தெரிந்து ஒரு மனிதனுக்கு இப்படி வலிக்குமா?

"நீங்க பிச்சிக் குடுக்காம அந்தத் தெருவுல ஒரு வாய் எனக்கு எறங்காதுங்க" என்றான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. நான் போயி, ஒரு வருஷத்துல உங்களையும்..."

"அதச் சொல்லாதீங்க." அவள் சட்டென்று குறுக்கிட்டாள். "உங்களோட நான் அங்க வந்தேன்னா அவன் பேசினது நெசமாயிடும். அப்பா அதத் தாங்க மாட்டாரு. நீங்க போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

பாக்கியநாதன் அண்ணனை நினைத்தான். கால்மாட்டில் நின்ற அந்த இரண்டு வருஷத்தை நினைத்தான். இனி எந்த முகத்தோடு அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது? குடையின் ஓரத்திலிருந்து நீர் சரம் சரமாக இறங்கியது.

"அப்ப நான் போகல" என்றான். சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"ரெண்டு நாளு யோசிங்க."

"யோசிச்சா பயந்துடுவேங்க. என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. குடைக்குள் இன்னும் ஓரடி நகர்ந்து நின்றாள். வீடு வரைக்கும் இருவரும் எந்த ஊரையும் பற்றிப் பேசவில்லை.

நாளை சனிக்கிழமை. காலையில் முதலில் வீட்டில் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். தபாலாபீஸ் திறந்ததும் அண்ணனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும்: வரவில்லை, கடிதம் பின்னால்.